திருப்பிப் போடாத இசைத்தட்டு

என் மாப்பிள்ளை கண்ணையனுக்கு,

கடிதம் என்றால் நலம் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். உன்னிடம் இனி அதைக் கேட்க வழியில்லை. எங்கள் நலத்தைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

உன் பெண்சாதி ருக்மணி நன்றாக இருக்கிறாள். நீ போனதும் மைக் செட்டை விற்றுவிடச் சொல்லித் திண்டிவனத்தில் பாதிப் பேர் அவளிடம் வந்தார்கள். என் தங்கையல்லவா, கேட்பாளா? கார்த்திகையில் வல்லம் பக்கம் ஒரு காதுகுத்துக்கு அவளே பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். ஆளை விட்டு வேப்பமரத்தில் ஸ்பீக்கர் குழாயைக் கட்டச் சொல்லிவிட்டு, ஊசி மாற்றி இசைத்தட்டு வைத்திருக்கிறாள். அங்கே ஒரு பெரியவர், "இன்னாம்மா, பொம்பள வந்து பாட்டு போடறதா?" என்று கேட்டாராம். "பாட்டு பொம்பளதான பாடுது? போட மட்டும் ஆம்பள வேணுமா?" என்று கேட்டாளாம். அவர் அப்புறம் பந்திக்குப் போனவர் திரும்பி வரவே இல்லையாம்.

நானும் நன்றாகத்தான் இருக்கிறேன். கண் மட்டும் ஊசியில் நூல் கோக்க இரண்டு தடவை கேட்கிறது. தையல் கடை முழுக்கப் பொங்கல் துணி குவிந்து கிடக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன். அச்சாபீசில் கொடுத்து நோட்டீசாகப் போட்டு, காணும் பொங்கலன்று நம் கூட்டத்தில் எல்லார் கையிலும் கொடுக்கப் போகிறேன். உனக்கு எழுதுவதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பாய். ஊரில் பத்து வருஷமாக நான் ஒன்றைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதை ஊருக்கு முன்னால்தான் திருத்த வேண்டும். உன் காதில் மட்டும் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்கிற ஆள் நான் இல்லை.

உனக்குத் தெரிந்த விஷயத்தைப் புதுப் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

விழுப்புரத்துக்காரர்களும் திண்டிவனத்துக்காரர்களும் வருஷத்துக்கு ஒரு நாள், காணும் பொங்கல் மத்தியானம், கூடி உட்கார்ந்து கடந்த வருஷத்தின் பாட்டு எது என்று தீர்மானிப்போம். ஒரு வருஷம் இங்கே, மறு வருஷம் அங்கே. இரண்டு ஊரிலும் இடம் வேர்க்கடலை விற்கிற மல்லாட்டை மண்டிதான். அன்றைக்கு மண்டிக்கு லீவு, முற்றம் காலியாக இருக்கும். நடிகர் பெயரைச் சொல்லக் கூடாது, மூஞ்சிக்கு ஓட்டு இல்லை. ஒரு பாட்டுக்காகப் பேச வந்தவன் அதைப் பாட்டுப் புத்தகம் பார்க்காமல் முழுசாகப் பாட வேண்டும். ஒரு வரி விட்டாலும் அந்தப் பாட்டு தள்ளுபடி. கடைசியில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு அளக்கிற படி வைப்பார்கள். ஆளுக்கு ஒரு மல்லாட்டை. எந்தப் படியில் போடுகிறாயோ அதுதான் உன் ஓட்டு.

ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் கோவிந்தன் ஒரு வருஷம் தன் ஓட்டைத் தின்றுவிட்டான். "யோவ், ஓட்ட எங்கய்யா?" என்று கேட்டதற்கு, "ஜல்தியா முடிச்சிருக்கணும். நீங்க பேசிக்கினே போனா பசிக்காதா?" என்றான். இன்னொரு மல்லாட்டை கொடுக்கக் கூடாது என்று நான்தான் நின்றேன். தின்ற ஓட்டு தின்றதுதான்.

இப்போதெல்லாம் பையன்கள் டிரான்சிஸ்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு வரி பாடச் சொன்னால் பெட்டியின் காதைத் திருகுகிறார்கள். போகட்டும்.

நான் சொல்ல வந்தது நயா பைசா வந்த சமயத்துச் சங்கதி. ஊஞ்சல் பாட்டு.

எனக்கு ராகத்தின் பெயர் தெரியாது. பள்ளிக்கூடம் போகாதவன். எழுத்துக் கூட்டியதே பாட்டுப் புத்தகத்தை வைத்துத்தான். ஆனால் ஒரு பாட்டு நிற்குமா ஓடிவிடுமா என்பது எனக்குத் தெரியும், துணியைத் தொட்டதும் சாயம் போகுமா போகாதா என்று தெரிகிற மாதிரி. அந்த வருஷம் நிற்கிற பாட்டு அது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் ஒரு பெண் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடுவது. படம் விழுப்புரத்தில் நாலு நாள்கூடத் தங்கவில்லை. நான் பார்க்கவில்லை, அதன் பாட்டுப் புத்தகமும் என் கைக்கு வரவில்லை. அந்தப் பாட்டை நான் படித்தது முழுக்க முழுக்க உன் குழாயிலிருந்துதான்.

கோலியனூரில் என் பெரிய பெண்ணின் கல்யாணத்துக்கு நீதானே மைக் செட்? பந்தல் போட்ட நாளிலிருந்து பிரிக்கிற நாள் வரைக்கும் அந்தப் பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீயும் போட்டுக்கொண்டே இருந்தாய். சமையல்காரனுக்குக்கூட மனப்பாடம் ஆகிவிட்டது. ஆனால் ஒரு தடவையாவது தட்டைத் திருப்பினாயா?

அந்த வருஷக் கூட்டம் எங்கள் ஊர் மண்டியில். நான் எழுந்து பாடினேன். நன்றாகப் பாடினேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கை தட்டினார்கள். படிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எடைக்காரர் பெருமாள்தான் அன்றைக்குத் தலைவர். அவரே தலையாட்டினார். அப்போது நீ எழுந்தாய்.

"மச்சான், மீதி?"

"இன்னா மீதி?"

"பாட்டு இன்னும் கீது மச்சான். தட்டுக்குப் பின்பக்கம்."

"அந்தப் பக்கம் வேற பாட்டு."

"அதே பாட்டுதான். புருஷன் போனப்புறம் அதே ஊஞ்சல்ல உக்காந்துகினு பாடறா."

கோவிந்தன் அங்கிருந்து, "டைலரு அரைக்கை தச்சுட்டு முழுக்கைன்னு குடுக்கறாரு!" என்று கத்தினான். முற்றமே சிரித்தது. திண்டிவனத்துக்காரர்கள் சிரித்ததைப் பற்றி எனக்குக் கவலையில்லை. விழுப்புரத்துக்காரர்களும் சிரித்தார்கள்.

பெருமாள் கையைத் தூக்கி, "முழுசா பாடலன்னா பாட்டு தள்ளுபடி. விதி விதிதான் டைலரே" என்றார்.

இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். ஏனென்றால் இது வரைக்கும் நான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். சொந்த மாப்பிள்ளையே எழுந்து நின்று என் பாட்டைத் தோற்கடித்தான் என்று கடையில் சொன்னேன், ரயிலில் சொன்னேன், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் முன்பின் தெரியாதவனிடம்கூடச் சொன்னேன். அந்த வருஷம் ஜெயித்தது ஒரு டமாரப் பாட்டு. அதன் பல்லவி இன்றைக்கு யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? நிற்காது என்று நான் அன்றைக்கே சொன்னேன்.

நான் சொல்லாமல் விட்டது, சொல்லாததால் அன்றைக்கு முற்றத்தில் இருந்தவர்களும் மறந்துபோனது, இதற்கு அடுத்து நடந்தது.

பெருமாள் தள்ளுபடி என்றதும் நீ உட்காரவில்லை. "தள்ளாதீங்க. மீதிய நான் பாடறேன். ரெண்டு பேரா பாடக்கூடாதுன்னு விதி ஒண்ணும் இல்லையே?" என்றாய். பெருமாள் கொஞ்சம் யோசித்தார். "டைலரு ஒத்துக்கினா எனக்கு ஆட்சேபணை இல்ல" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீயும் பார்த்தாய்.

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே அப்படியே எழுதுகிறேன். "என் பாட்டுக்கு இவன் வாய் வேணாம். பாட்டு முடிஞ்சிது. அந்தப் பின்பக்கம் என் வாயால ஒருநாளும் வராது." சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பாட்டுக்கு வைத்திருந்த படியைப் பெருமாள் எடுத்துக் கவிழ்த்தார்.

ஆகவே ஊஞ்சல் பாட்டைத் தோற்கடித்தது நான். நீ அதைக் காப்பாற்றத்தான் பார்த்தாய். இதைப் படிக்கிறவர்கள் இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும், அச்சுக் கூலி வீண் போகாது.

அதற்காக என் வருத்தம் பொய் என்று ஆகிவிடாது, மாப்பிள்ளை. அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் பக்கம் உண்டு என்று தெரிந்தவன், நான் அந்தப் பாட்டுக்காகத்தான் பேசப் போகிறேன் என்றும் தெரிந்தவன், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா? பல மாதம் கழித்து உன் வீட்டில் இதைக் கேட்டேன்.

"கல்யாண வூட்டுல அத எப்படி மச்சான் போடறது? மாப்ள வூட்டுக்காரங்க குழாய கழட்டி வீசிடுவாங்க." சிவப்பு மையால் புள்ளி வைத்த தட்டுகளை எடுத்துக் காட்டினாய். புள்ளி இருக்கிற பக்கத்தைச் சுபகாரியத்தில் போடக் கூடாது.

"போட வேணாம். எங்கிட்ட சொல்லக்கூடவா கூடாது?"

"நீ எப்ப மச்சான் கேட்ட? உனக்கே எல்லாம் தெரியும்னுதான சொல்லிக்கினு இருந்த?"

அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். எல்லாம் தெரியும் என்கிறவனுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். இதில் நான் இறங்கி வர மாட்டேன். நீ இருந்திருந்தாலும் இறங்கி வந்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு நம் இரண்டு பேருக்கும் பேச்சு நிற்கவில்லை. பண்டிகைக்கு வந்தாய், போனாய். உன் சட்டையை நான்தான் தைத்தேன். பாட்டுப் பேச்சு மட்டும் இல்லை. பாட்டைத் தவிர நமக்குள் வேறு என்ன பேச்சு இருந்தது என்பது அந்தப் பத்து வருஷத்தில்தான் தெரிந்தது. மழை பெய்ததா, அரிசி என்ன விலை. ஐப்பசியில் நீ காய்ச்சலாய்ப் படுத்திருந்தபோது வந்தேனே, அப்போதும் மழையைப் பற்றித்தான் பேசினோம். நீ ஏதோ கேட்க வாயெடுத்தாய். நான் மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டேன். என்ன கேட்க வந்தாய்?

உன் பதினாறாம் நாள் சாப்பாட்டில் திண்டிவனத்துப் பையன் ஒருவன், நம் கூட்டத்துக்கு இரண்டு வருஷமாக வருகிறவன், பெருமையாகத்தான் சொன்னான்: "பாட்டுன்னு வந்துட்டா மச்சான்னுகூட பாக்க மாட்டாரு எங்க கண்ணையண்ணன். இவரு பாட்டையே தோக்கடிச்சவராச்சே!" பந்தியில் தலையாட்டினார்கள். உன்னைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் சொல்லித் தெரிந்தது.

ரசம் ஊற்றிக்கொண்டு வந்த ருக்மணி அப்படியே நின்றாள்.

"அண்ணே, நீயே சொல்லு. அப்படியா நடந்துது?"

நான் இலையைப் பார்த்தேன்.

"அன்னிக்கு வூட்டுக்கு வந்து இன்னா சொன்னாரு தெரியுமா? மச்சான் பாட்டுதான் ஜெயிச்சிருக்கணும் ருக்கு, நான் எழுந்ததுதான் தப்பா பூட்ச்சின்னாரு. சோறுகூட சரியா துன்னல."

பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு, அவளே பெட்டியைத் திறந்து அந்தத் தட்டை வைத்தாள். புள்ளி வைத்த பக்கம். நான் எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தேன். "உக்காரு" என்றாள். உட்கார்ந்தேன். என் தங்கை எனக்கு உத்தரவு போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கேட்டேன். அதே மெட்டு. தாளம் மட்டும் பாதியாகிவிட்டது. முதல் பக்கத்தில் ஓடுகிற சொற்களே இங்கே ஒவ்வொன்றாக நின்று நின்று வருகின்றன. நல்ல பாட்டு. முதல் பக்கத்தைவிட நல்லது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதல் பக்கத்தோடு பாட்டு முடிந்துவிட்டது என்று இனிமேல் சொல்லவும் மாட்டேன்.

ருக்மணி கூடவே பாடினாள். ஒரு வரி பிசகவில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நல்லா கேட்ட போ. பத்து வருஷமா பாத்திரம் தேச்சிக்கினே பாடிக்கினுதான் இருக்கேன்."

"அப்ப அன்னிக்கே வந்து பாடியிருக்கலாமே."

"எனக்கு யாரு மல்லாட்டை குடுத்தீங்க?"

 இப்படி மடக்குகிற கேள்வியை ஒரே வீட்டில் புருஷனும் பெண்சாதியும் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்.

இந்தக் காணும் பொங்கலுக்குக் கூட்டம் உங்கள் ஊரில். ஊஞ்சல் பாட்டை மறுபடியும் போட்டியில் நிறுத்தப் போகிறேன். பழைய பாட்டு, இந்த வருஷத்துப் பாட்டுதான் செல்லும் என்பார்கள். அன்றைக்கு முடிக்காமல் விட்ட வழக்கு, முடிகிற வருஷம்தான் அதன் வருஷம் என்பேன். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று ஒருவன் எழுவான். அவனுக்கு ருக்மணியே போதும், வல்லத்துப் பெரியவரைக் கேட்டுப் பார்க்கட்டும். அப்புறமும் விதி என்று பேசினால், விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன், மாற்றவும் எனக்குத் தெரியும். ஜெயிக்குமா என்று கேட்கிறாயா? ஜெயிக்கும்.

பின்பக்கம் என் வாயால் வராது என்று சபையில் சொன்னவன் நான். அந்தச் சொல்லை மாற்ற மாட்டேன். முதல் பக்கத்தை நான் பாடுவேன். இரண்டாம் பக்கத்தை ருக்மணி பாடுவாள். நடுவில் தட்டைத் திருப்புகிற அளவுக்குக் கொஞ்ச நேரம் சும்மா நிற்போம். அந்த நேரத்தில் எவனையும் பேச விட மாட்டேன். அது உன் நேரம்.

இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

ருக்மணிக்கு அண்ணன்,
எந்நாளும் உனக்கு மச்சான்,
டைலர் ஏகாம்பரம்
விழுப்புரம்