மலையேறப் பழகிய மாடி

எர்ணாவூர்,
ஆவணி முதல் வெள்ளி.

என் கண்ணு சௌமியாவுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் நைனாவும் வடிவுடையம்மன் தயவில் வேளாவேளைக்குத் தின்று தூங்கி எழுந்துகொண்டிருக்கிறோம், நீயும் மேத்யூ மாப்பிள்ளையும் எங்களைவிட நூறு பங்கு நன்றாக இருக்க வேண்டும். போன வாரம் நீ அனுப்பின படத்தில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது, மலையில் நடக்கிறேன் பேர்வழி என்று ஒழுங்காகச் சாப்பிடாமல் இருக்கிறாயா, ரொட்டியைக் கடித்துக்கொண்டு திரிந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்த மலையடிவாரப் பூங்கா வீடியோவை எத்தனை தரம் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது, ஒரு பக்கம் காய்ந்த புல்மேடு, இன்னொரு பக்கம் கீழே கடல், நடுவில் ஒற்றையடிப் பாதை, லாரி இல்லை, ஹாரன் இல்லை, நீ மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்கிறது. ஆனால் தனியாகப் போகாதே. சிறுத்தை மாதிரி ஏதோ ஒன்று திரிகிறது, எதிரில் வந்தால் ஓடக் கூடாது, கையைத் தூக்கிப் பெரிய ஆளாகக் காட்டி நிற்க வேண்டும் என்று போர்டு வைத்திருப்பதாகச் சொன்னாயே, நீ கையைத் தூக்கினால் கொடியில் காயப்போட்ட சட்டை மாதிரி இருப்பாய், அது எதற்குப் பயப்படப் போகிறது. மூன்று இலைச் செடி பட்டால் அரிக்கும் என்றும் சொன்னாய், முழுக்கால் பேண்ட் போட்டுக்கொண்டு போ.

முதல் தடவை நீ மலையேறப் போறேம்மா என்று போனில் சொன்ன அன்றைக்கு இங்கே நடந்த கூத்து உனக்குத் தெரியாது. உன் நைனா தின்றுகொண்டிருந்த கையை உதறிவிட்டு, வெளக்கு வெச்ச நேரத்துல இன்னா பேச்சு பேசுது உன் பொண்ணு, சாமி தான் மலையேறும், மன்சாள் மலையேறுமா என்று கத்தினார். அவர் சொன்னதிலும் தப்பில்லை, ஆடியில் கூழ் ஊற்றும்போது ஆத்தா ஒருத்தி மேல் இறங்கி, ஆடி, குறி சொல்லி, கற்பூரத்தை வாயில் போட்டுக்கொண்டு மலையேறிவிட்டால் அதோடு சரி, அடுத்த ஆடிக்குத்தான் வருவாள், நமக்கு மலையேறுவது என்றால் போய்விடுவது. எதிர் வீட்டு ஃப்ளோரன்ஸ் அக்கா வீடியோவைப் பார்த்துவிட்டு, பரங்கிமலை மாதிரி மேல சர்ச்சு எதுனா இருக்குதாக்கா என்று கேட்டாள். ஒன்றும் இல்லை, சும்மா நடக்கிறாள் என்றேன். கோயிலும் இல்ல சர்ச்சும் இல்லன்னா இன்னாத்துக்குக்கா ஏறணும், எதுனா வேண்டுதல் இருக்கும், உன்கைல சொல்லிருக்க மாட்டா என்றாள். இப்போது பிளாக் முழுக்க உனக்குக் குழந்தை வேண்டுதல் என்று முடிவாகிவிட்டது. நானும் மறுத்துப் பேசவில்லை, வாய் வலிக்கிறது.

நீ ஆறு மாசம் வந்து இரும்மா, வயசானவர்களுக்கென்றே மேடு பள்ளம் இல்லாத பாதை ஒன்று இருக்கிறது, நடுநடுவே பெஞ்சு போட்டிருக்கிறார்கள், இப்போதிருந்தே நடந்து பழகு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாய். விசா குத்தின பாஸ்போர்ட் பீரோவில் புடவைக்கு அடியில் கிடக்கிறது. காசிமேட்டில் மீன்பிடி லாஞ்ச் ஓட்டின உன் நைனா ஐஸ் கொட்டின தரையில் வழுக்கி முட்டியை உடைத்துக்கொண்டு படுத்தவர், எலும்பு கூடிவிட்டது, நடக்கணும் என்று டாக்டர் சொல்லியும் கட்டிலை விட்டு இறங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். கக்கூசுக்குக் கூட ஒரு கையில் தடி, மறு கையில் என் தோள். தண்டையார்பேட்டையில் என் கூடப் பிறந்த சொக்கம்மாள் அக்கா செத்தபோது போய் எட்டிப் பார்த்துவிட்டு, எடுக்கிறதற்கு முன்னாலேயே பஸ் ஏறி ஓடி வந்தேனே, அது இந்த முட்டிக்காகத்தான். எங்கே போய் நடந்து பழக, ரோட்டில் கன்டெய்னர் லாரி மூக்கும் வாலும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, கரையோரம் முழுக்கக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அதில் காலை வைத்தால் எனக்கும் முட்டி போய்விடும். அதனால் அவர் மத்தியானம் கண்ணசருகிற நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன், இதை யாரிடமும் சொல்லவில்லை. துணி காயப்போட வந்த ஃப்ளோரன்ஸ் ஒரு நாள் பார்த்துவிட்டு, இன்னாக்கா தொட்டிக்கு கிரிவலமா என்று சிரித்தாள்.

போன செவ்வாய்க்கிழமை நான் தொட்டிக்கு அந்தப் பக்கம் இருந்தபோது யாரோ கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள். மோட்டார் ஒயரை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான் என்று பிளாக் தலைவர் கிருஷ்ணப்பன் மாடிக் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறார், ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்க்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நான் தட்டுகிறேன், கத்துகிறேன், கீழே லாரி ஹாரனில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. போதாத காலம், அந்த நேரம் பார்த்துக் காற்றில் கம்பெனிப் புகையின் கெட்ட வாடை வேறு வந்துவிட்டது, அது வந்தால் என்ன ஆகும் என்றுதான் உனக்குத் தெரியுமே, எல்லா வீட்டிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு தொட்டி நிழலில் உட்கார்ந்தேன். அங்கிருந்து கடல் தெரிகிறது, கப்பல் தெரிகிறது, புகைபோக்கி தெரிகிறது, எதற்கும் போக வழி இல்லை. சத்தியமாகச் செத்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன் கண்ணு. அப்போதும் உன் நைனாவுக்கு டீ போடுகிற நேரமாயிற்றே என்று மனசு அடித்துக்கொண்டது, அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே என் தலையில் நானே போட்டுக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு தாழ்ப்பாள் இழுபட்டது. கதவைத் திறந்துகொண்டு நிற்பது யார் என்று நினைக்கிறாய், உன் நைனா. எங்கடி போய்ட்டே, டீ போட ஆள் இல்ல, பிளாக்கு பூரா தேடிக்கினு வரேன் என்றார், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. எனக்கும் தெய்வமே நேரில் வந்த மாதிரிதான் இருந்தது, கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்தபோதுதான் உறைத்தது. முதல் மாடியிலிருந்து மொட்டை மாடி வரைக்கும் இந்த மனுஷன் எப்படி ஏறினார்? கையில் தடியைக் காணோம். படியிறங்கும்போது எனக்கு முன்னால் போனார், சுவரைத் தொடக்கூட இல்லை, நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினேன். வீட்டுக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தில் ஐயோ முட்டி என்றார் பார், எனக்கு வந்ததே ஆத்திரம். யோவ், எம்மாம் நாளா நடக்குதுய்யா இந்த நாடகம், என் அக்காவை எடுக்கிறப்போ கூட என்னை நிக்க வுடலியே, நீ மனுசனா என்று கேட்டேன், இன்னும் எழுதக் கூடாததெல்லாம் கேட்டேன். முட்டியைத் தடவிக்கொண்டே, நீ மலையேறிட்டா திரும்பி வருவியா புஷ்பா, ஆத்தாவே அடுத்த ஆடிக்கு தான் வரா, அதுவரைக்கும் நான் இன்னா பண்ணுவேன் என்றார். முட்டி சரியாகிவிட்டது என்று சொன்னால் நீ டிக்கெட் போட்டுவிடுவாய் என்ற பயம். நான் மாடியில் தொட்டியைச் சுற்றுவதை எவனோ சொல்லிக் கேட்டிருக்கிறார், அதிலிருந்து இன்னும் அதிகமாக முனக ஆரம்பித்திருக்கிறார்.

பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன், கடலுக்குப் போன காலத்தில் புயலுக்குக் கூடப் பயப்படாத ஆள். ஆனால் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் நான் இந்த இரண்டு அறைக்குள் கிடந்தேன். இப்போது அவரே கீழே போய் டீ குடித்துவிட்டு வருகிறார், நேற்று சோறு வைத்துக் குழைய விட்டார், பரவாயில்லை, தின்றோம். சௌமியாகைல சொல்லி ரெண்டு டிக்கெட்டா போடச் சொல்லு, நானும் வரேன் என்கிறார். வேண்டாம் கண்ணு. எனக்கு மட்டும் போடு. அவர் வந்தால் நீ சொன்ன அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு புஷ்பா தண்ணி என்பார். நான் கொஞ்ச நாள் யார் கூப்பிடுகிறதும் காதில் விழாமல் நடக்க வேண்டும். அவரை விட்டு வருவதை நினைத்தால் எனக்கு அழுகையே வரவில்லை, அதுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஃப்ளோரன்ஸ் அக்கா மூன்று வேளையும் எட்டிப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள், இந்தக் கடிதத்தையும் அவள் போனில்தான் படம் பிடித்து அனுப்புகிறோம்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், அவர் அம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல். நீ வைக்கிற அடியெல்லாம் நல்ல அடியாக இருக்கட்டும், அம்மன் உனக்கு முன்னால் நடக்கட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே. நம் வீட்டில் இருப்பது ஒரே போன், அதை ஸ்பீக்கரில் போட்டு உன் நைனா மடியில் வைத்துக்கொள்வார், அவர் முகத்தைப் பார்த்தால் என் வாய் மாறிவிடும். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது, நான் வரலம்மா, நைனாவை யாரு பாத்துக்குவா என்றுதான் சொல்லுவேன், என்னை எனக்குத் தெரியும். நீ அதை நம்பாதே. டிக்கெட்டைப் போட்டுவிட்டு அப்புறம் கூப்பிடு.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
தா. புஷ்பவல்லி