உன் ஊருக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால்

வர்ஷா அம்மாவுக்கு,

புது கார் வாங்கிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அதில் எட்டு நாள் ஒர்க்‌ஷாப்பில்தான் நின்றது. ஓடும்போதே கியர் கழன்றுவிடுகிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம் மட்டும் வருகிறது. "புது வண்டி சார், ஓட்ட ஓட்ட செட் ஆயிடும்" என்று ஷோரூம்காரன் ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறான்.

நேற்று உன்னிடம் சொல்லாமல் கிளம்பினேன். பொழுது சாய்வதற்குள் வந்து, உன் அம்மா வீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட நினைத்தேன். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அப்போது மணி நாலரை.

மெக்கானிக் வருவதற்குள் இருட்டிவிட்டது. "கியர்பாக்ஸையே மாத்தணும் சார். நல்லவேளை, கூட யாரும் இல்ல" என்றான்.

சூரியன் இறங்கிய பிறகு நம் ஜைன வீடுகளில் சாப்பாடு ஏது? அதையே சாக்காக வைத்து, வண்டியை அவனிடம் விட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். நம் வேங்கிக்கால் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காமல் படுத்தேன்.

வண்டி நின்ற இடத்திலிருந்து உன் ஊர் மூன்றே கிலோமீட்டர். நடந்திருந்தால் ஐந்தேகாலுக்கு வந்திருப்பேன். பைக்கிலிருந்து உன்னைக் கீழே போட்டவன், நாலு மாதம் எட்டிப் பார்க்காதவன், கட்டுப் போட்ட உன் காலுக்கு முன்னால் கார்கூட இல்லாமல் எப்படி வந்து நிற்பது?

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். ஐந்துக்குள் வந்துவிடுவேன். உலை வைக்கும்போது எனக்கும் ஒரு பிடி அரிசி போடச் சொல்.

நேற்றே நடந்து வந்திருக்க வேண்டியவன்