டிக் போடாத கட்டம்

மாப்ள,

இன்று காலை கடையைத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையின் மூலையில் அந்தக் கிளீனர் சாஃப்ட்வேர் எட்டிப் பார்த்தது. உங்கள் கணினி மெதுவாக இயங்குகிறது, இப்போது சுத்தம் செய்யவா என்று கேட்டது. மூடினேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்டது. அதைத் தூக்கிவிடவும் மனசு வரவில்லை, நீ போட்டு வைத்தது.

தல்லாகுளத்தில் நாம் ரெண்டு பேரும் இந்த டி.டி.பி. கடையைப் போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மனு, கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், எது வந்தாலும் நீ அடிப்பாய், நான் அச்சகத்துக்கு அலைவேன். சனிக்கிழமை மதியம் கூட்டம் குறைந்ததும் நீ அந்தக் கிளீனரை ஓட்டுவாய். தேவையில்லாத ஃபைல், இன்டர்நெட் குப்பை, ஒன்றுக்கு ரெண்டாகக் கிடக்கும் படங்கள், எல்லாவற்றுக்கும் டிக் போடுவாய். ரீசைக்கிள் பின் கட்டத்தில் இருக்கும் டிக்கை மட்டும் எடுத்துவிடுவாய். "குப்பைத்தொட்டிய விட்டுட்டு வீட்டக் கூட்டுறவன் நீ ஒருத்தன்தான்டா" என்பேன். "உனக்கெதுக்கு அது? போய் டீ சொல்லிட்டு வா" என்பாய். நானும் போய்விடுவேன்.

ஆறு மாதம் ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமாக அலைந்து, கடைசியில் நீ போய்விட்டாய். அப்புறம் நானே ஒற்றை விரலில் அடிக்கப் பழகினேன். ஒரு போஸ்டர் ஃபைலைத் திறந்தால் தெருமுனை வரை நடந்துவிட்டு வரலாம், அம்புட்டு மெதுவு. ஒரு சனிக்கிழமை கிளீனரை ஓட்டினேன். நீ ஏன் இந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டு வைத்தாய் என்று சலிப்பாக வந்தது. டிக் போட்டேன். ஒன்பது ஜிபி காலியானதாகக் காட்டியது. கம்ப்யூட்டர் பறந்தது. உன்னைவிடச் சுத்தமாக வேலை செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு. மடையன் நான்.

ரெண்டு மாதம் கழித்து, போன வாரம், வில்லாபுரத்திலிருந்து உன் மகள் வந்தாள். மாப்பிள்ளை டி. கல்லுப்பட்டிக்காரர், பேசி முடிச்சாச்சு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவளை உட்காரச் சொன்னேன்.

"அப்பா எனக்குப் பத்திரிகை அடிச்சு வச்சிருக்காரு மாமா. மாப்பிள்ளை பேரும் தேதியும் மட்டும் காலியா விட்டிருக்காராம். ரீசைக்கிள் பின்ல கெடக்கு, மாமாட்ட கேளு, எடுத்துத் தருவான்னு ஆஸ்பத்திரியில சொன்னாரு."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம் கடையில் அடிக்க வேண்டிய மேட்டரைக் கொடுக்கிறவர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். வரன் அமையாத பெண்ணுக்கு முன்கூட்டியே பத்திரிகை அடித்திருப்பதை எவராவது பார்த்தால் கண் படும், வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள். குப்பைத்தொட்டியை யாரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்று அங்கே ஒளித்திருக்கிறாய். அடப்பாவி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நானும் ஊரானா உனக்கு?

அவள் இன்னொன்றும் சொன்னாள். "அழைக்கிறவங்க எடத்துல அவரு பேர அவரே அடிச்சிருக்காராம் மாமா. நான் உசுரோட இருக்கையில அடிச்சது, அப்படியே அச்சுக்குப் போகட்டும், பேருக்கு முன்னாடி தெய்வத்திருன்னு எவனையும் போட விட்டுராதன்னாரு."

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வைரஸ் வந்து போய்விட்டது என்றால் நம்பியிருப்பாள். "நான்தாம்மா அழிச்சுட்டேன், தெரியாம" என்றேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "நல்லாப் பாருங்க மாமா, எங்கயாச்சும் கெடக்கும்" என்று மூன்று தரம் சொன்னாள். அப்புறம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்தபடி நின்றேன்.

அழிந்த ஃபைலை மீட்டுத் தருகிறவரிடம் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு ஓடினேன். அழித்த பிறகும் அதிலேயே ரெண்டு மாதம் வேலை பார்த்திருக்கிறீர்களே, பழையதன் மேல் புதியது ஏறியிருக்குமே என்று அவர் உதட்டைப் பிதுக்கினார். ஒரு பகல் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஒரு பட்டியல் வந்தது. அதில் "பாப்பா வேலை" என்று ஒரு ஃபைல் பெயர் இருந்தது. உன் ஃபைல்தான். எத்தனை தடவை அமுக்கியும் திறக்கவில்லை.

நேற்று உன் மகள் மறுபடி வந்தாள். உன் சம்சாரம் கைப்பட எழுதிய மேட்டரை நீட்டினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "புரூஃப் பாக்க எப்ப வரணும்?" என்று மட்டும் கேட்டாள். மாமா என்று கூப்பிடவில்லை. அவள் கோபம் நியாயம்தான்.

மேட்டரில் உன் பெயருக்கு முன்னால் அந்த வார்த்தையை உன் சம்சாரம் எழுதியிருக்கிறாள். அவளுக்கு வேறு வழி கிடையாது. இந்தக் கடையில் எத்தனை பேருக்கு அதை அடித்திருப்போம், எழுத்துப் பெரிதா சிறிதா என்பதைத் தவிர வேறு எதையும் யோசிக்காமல்.

முழுப் பத்திரிகையும் அடித்துவிட்டேன் மாப்ள. மாப்பிள்ளை பேர், தேதி, மண்டபம், எல்லாம் வந்துவிட்டது. உன் பெயரும் அடித்தாயிற்று. அதற்கு முன்னால் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குப் பத்து மணிக்கு அவள் வந்துவிடுவாள். விரல் போகமாட்டேன் என்கிறது.