கயாவில் விட்ட காய்

அக்டோபர் 19, ஞாயிறு

போன வாரம் கயாவில் கமலாவுக்குப் பிண்டம் வைத்து முடித்ததும், பிடித்த காய் ஒன்றை ஆயுளுக்கும் விட்டுவிடச் சொன்னார் வாத்தியார். பாதிப் பேர் தொடவே தொடாத காயாகப் பார்த்து விடுகிறார்கள். நான் கத்தரிக்காயை விட்டேன். கமலா செய்யும் எண்ணெய்க் கத்தரிக்காய்க்காகவே சீக்கிரம் வீடு திரும்பியவன் நான்.

மறுநாள் போத்கயாவில், புத்தர் ஞானம் பெற்ற அரசமரத்தடியில், பிட்சுக்களோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் பேசவில்லை. இதமாக இருந்தது.

இன்று பக்கத்து வீட்டுப் ப்ரியா சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். இலையில் எண்ணெய்க் கத்தரிக்காய் வைக்க வந்தாள். கையால் மறித்தேன்.

"ஏன் அங்கிள், அலர்ஜியா?"

"ஆமாம்மா."

"அச்சோ, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? வேற ஏதாவது ஃப்ரை பண்ணித் தரேன், இருங்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் கமலா பேச்சு வந்திருக்கும். எல்லோரும் சட்டென்று வாயடைத்துப் போவார்கள். அந்த மரத்தடி மௌனம் வேறு, இது வேறு.

விட்ட காயை வீட்டில் சொல்லி வைக்க வேண்டும், மறந்துபோய்ச் சமைத்துவிடக் கூடாது என்பார்கள். இங்கே அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷனில், இந்த வீட்டில் சமைப்பவன் நான் ஒருவன்தான். ஊரிலிருந்து வந்ததும் வாய்தவறி, "கமலா, இனிமே கத்தரிக்கா வாங்காதே" என்று சமையலறையைப் பார்த்துச் சொன்னேன்.