இடப்பக்கம் வைத்த மெழுகுவர்த்தி

அன்பு மகள் ஸ்மரண்டாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். இந்த வருடம் அக்ரூட் விலையும் நலம். நீயும் உன் லாரியும் எந்த நாட்டு ரோட்டில் இருந்தாலும் அதேபோல் இருக்க வேண்டும். விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா பிறந்த ஊர்க் கோயிலில் உன் பெயரை இறந்தவர்களோடு சேர்த்துப் பூசையில் வாசித்துவிட்டார்கள். காரணம் நான்தான்.

அக்ரூட் வாங்க அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது, அம்மாவும் அந்தக் கோயிலைப் பார்த்து நாளாயிற்று என்றாள், ஒரே டீசலில் இரண்டு வேலை முடியும் என்று கிளம்பினோம். அதே சின்ன மரக் கோயில்தான், வடக்குக் கூரை இன்னும் ஒழுகுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறார்கள். அம்மா பெண்கள் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் வாசலில் மெழுகுவர்த்தி விற்கும் சவேதாவிடம் ஒன்று வாங்கி, இது எங்க ஸ்மரண்டாவுக்கு என்று வாய்விட்டுச் சொல்லி, மணல் பெட்டியில் இடப்பக்கம் குத்தி வைத்தேன். நம் டவுனில் இடப்பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கு, வலப்பக்கம் இறந்தவர்களுக்கு. இங்கே எப்போதோ கழுவியபோது பெட்டியைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், இடப்பக்கம் இறந்தவர்களுக்கு ஆகிவிட்டது, எழுத்தெல்லாம் புகையில் கறுத்துப்போயிற்று. ஊர்க்காரர்களுக்கு எழுத்து எதற்கு? அவர்களுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை. சவேதா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அட கடவுளே, அந்தப் புள்ளைக்கு என்ன வயசாச்சு!” என்றாள். நான் உன் வயதைக் கேட்கிறாள் என்று நினைத்து, முப்பத்தொன்று, இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றேன். அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். கல்யாணத்துக்காகவா இப்படி அழுகிறாள் என்று எனக்கே ஆச்சரியம்.

அதற்குள் சேதி பாதிரியார் இலாரியன் வரை போய்விட்டது. நடுப் பூசையில் அவர் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே வந்து, நிக்கிஃபோரின் மகள் ஸ்மரண்டா என்றார். உன் அம்மா அங்கேயே கத்தினாள்: “எம் பொண்ணு உசுரோட இருக்கா சாமி! நேத்துகூட போன்ல என்னைத் திட்டினா!” முதலில் ஆண்கள் பக்கத்தில் ஒருவர் சிரித்தார், கோயிலே சிரித்தது, பாதிரியார் தாடிக்குள் சிரிப்பை மறைக்கப் பார்த்து முடியாமல் திரும்பி நின்றுகொண்டார். “நல்லவேளை, சாவுப் படையலுக்குக் கோதுமையை ஊறப்போட இருந்தேன்” என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

அம்மா சிரிக்கவில்லை. பூசை முடிந்ததும் பாதிரியார் முன்னால் போய் நின்று, வாசித்ததைத் திரும்ப எடுங்கள் என்றாள். வாசித்ததை எப்படியம்மா எடுப்பது, கடவுளுக்கு ஆள் அடையாளம் தெரியாதா என்று அவர் சமாதானம் சொன்னார். “அவ பனியில அவ்வளவு பெரிய வண்டி ஓட்டறா சாமி, இனி நான் எப்படிக் கண்ணை மூடுவேன்?” என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது. உள்ளதைச் சொல்கிறேன், எனக்கும் பயம் வந்துவிட்டது. அதனால்தான் அங்கேயே நின்று அவரோடு பேரம் பேசி முடித்தேன். அந்தப் பாதிரியார் மட்டும் சந்தையில் கடை போட்டிருந்தால் நான் எப்போதோ ஊரைக் காலி செய்திருப்பேன். பேசி முடித்த பிறகு அவர் வீட்டில் சாப்பாடு, சவேதா வண்டி நிறைய ஆப்பிள் ஏற்றிவிட்டாள், அம்மா வழியெல்லாம் தூங்கிக்கொண்டு வந்தாள். ஒன்று மட்டும் மனசுக்கு நிறைவாக இருந்தது மகளே. உன்னைச் சின்னதில் பார்த்ததோடு சரி, ஆனால் அந்தப் பெண்கள் உனக்காக நிஜமாகவே அழுதார்கள். டவுனில் என்னிடம் சரக்கு எடுக்கிறவர்களில் யார் அழுவார்கள்?

டயருக்குச் சங்கிலி இல்லாமல் மலை ஏறாதே, தூக்கம் வந்தால் ஓரம் கட்டு, அம்மாவை வாரம் ஒருமுறையாவது திட்டு, அவளுக்கு அது தெம்பு. கடவுளும் பரஸ்கேவா புனிதையும் உன் கூடவே வரட்டும்.

பாதிரியாரோடு பேசி முடித்தது இதுதான். உயிரோடு இருப்பவர்களுக்கும் இறந்தவர்களுக்கும் தனித்தனிப் பெட்டி, வாசலுக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, என் செலவு. வடக்குக் கூரைக்கு மர ஓடு, அதுவும் என் செலவு. அதற்கு ஈடாக ஈஸ்டர் வரை ஒவ்வொரு ஞாயிறும் உயிரோடு இருப்பவர்களில் உன் பெயரைத்தான் முதலில் வாசிப்பார். ஈஸ்டருக்கு நீயே வந்து, ஊர் பார்க்க, உன் மெழுகுவர்த்தியை உன் கையால் சரியான பெட்டியில் வைக்க வேண்டும். வராவிட்டால் தெற்குக் கூரைச் செலவும் என் தலையில்.

உன் அப்பா,
நிக்கிஃபோர்