உங்கள் பெயரில் என் கையெழுத்து

நீங்கள் செத்த செய்தியை என் சொந்தக் கையெழுத்தில்தான் வாசித்தேன், அண்ணை. உடுப்பிட்டிச் சந்தி மதிலில் பசை காயாத கண்ணீர் அஞ்சலி. உங்கள் படத்துக்குக் கீழே, வளைந்து சாய்ந்த என் எழுத்துகள். கண்ணீர் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்தும் என் கையை விடவில்லையே நீங்கள்!

உங்கள் அச்சகத்தில் நான் வடிவமைப்பு வேலை செய்த காலம். "ஒரு கலியாண அழைப்புக் காட்டுக்குத்தான் பிள்ளை, எல்லா எழுத்தையும் உம்மடை கையாலை ஒருக்கா எழுதித் தாரும்" என்றீர்கள். எழுதினேன். ழ எழுதும்போது பேனையில் மை விட்டுப்போய், வால் நடுவில் முறிந்தது. திருப்பி எழுதுகிறேன் என்றேன். "உது காணும், விடும்" என்றீர்கள். அவ்வளவு அவசரம்.

பிறகு அது கணினி எழுத்துருவானது, உங்கள் பெயரோடு. கேக் பெட்டி, சேலைக்கடைப் பலகை, சாமத்திய வீட்டு அழைப்பிதழ் என்று எல்லாவற்றிலும் ஏறியது. 'யாழ்ப்பாணம்' என்று எங்கே கண்டாலும் அந்த முறிந்த வால் தொங்கும். கேட்டதற்கு, "எழுத்து எல்லாருக்கும் பொது, பிள்ளை" என்றீர்கள். அப்படியானால் உங்கள் பெயரை ஏன் வைத்தீர்கள்? அதற்கு ஒரு சிரிப்பு. வடிவான சிரிப்பு, அதை நம்பித்தான் எல்லோரும் ஏமாந்தோம்.

வேலையை விட்டேன். கையெழுத்தை எங்கே கொண்டுபோய் விடுவது? என் கலியாணத்துக்கு, என்னை வளர்த்த, இப்போது கனடாவிலிருக்கும் மாமிக்குக் கையால் கடிதம் எழுதினேன். ஃபோனில் பொரிந்து தள்ளினார். "எனக்கு ஒரு வரி கையாலை எழுத நேரமில்லையோ? உங்கையிருந்து வாற எல்லா அழைப்புக் காட்டிலும் உந்த எழுத்துத்தானே!" எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கலியாணத்துக்கும் வரவில்லை. அன்று தாலி ஏறும்வரை அழுதேன். செத்தவரை இப்படிக் கதைக்கக் கூடாது என்பார்கள். நான் கதைப்பேன்.

நான் இப்போது வீட்டிலிருந்தே வடிவமைப்புச் செய்வது தெரிந்து, போன கிழமை உங்கள் மனைவி வந்தார். முப்பத்தோராம் நாளுக்கு வந்தவர்களுக்குக் கொடுக்கக் கல்வெட்டு அடிக்க வேண்டுமாம், உங்கள் வாழ்க்கை வரலாறும் தேவாரமும் சேர்த்த சின்னப் புத்தகம். "முழுக்க அவரின்ரை எழுத்திலை செய்து தாரும் பிள்ளை." அவரில் எனக்குக் கோபமில்லை. ஓம் என்றேன்.

நேற்று மாதிரியைக் காட்டினேன். அட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"ஏன் பிள்ளை, இவரின்ரை பேர் மட்டும் வேறை எழுத்து?"

"அது ஒண்டுதான் அவரின்ரை, அக்கா. மிச்சமெல்லாம் என்ரை."

அக்கா அந்தப் பெயரை ஒருக்கா விரலால் தடவினார். பிறகு, "அப்பிடியே அடியும்" என்றார்.

இப்போது மாமிக்கு மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். ழ வரும்போதெல்லாம் பேனையை ஓரத்தில் கிறுக்கிப் பார்க்கிறேன். உங்களால் வந்த பழக்கம், போகாது. 'வாலைப் பாருங்கோ மாமி, அச்சில் முறிந்திருக்கும், என் கையில் முறியாது' என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். அன்று திருப்பி எழுத விட்டிருந்தால் இந்த வாலையும் எடுத்திருப்பீர்கள், அண்ணை.