கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் மேசை

மே 17, ஞாயிற்றுக்கிழமை

என் தங்க மகள் ரோடிக்காவுக்கு,

நானும் உன் மகள் மிருனாவும் இங்கே உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது, நீ பார்த்துக்கொள்ளும் அந்த வயதான சிஞோரா அம்மாளைத் தூக்கி உட்கார வைக்க யாராவது கைகொடுக்கிறார்களா, அதை முதலில் எழுது. தினமும் போனில் பேசுகிற அப்பா எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று கேட்பாய். போனை எடுத்தால் உன் மகளின் காது என் தோளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அதனால்தான் எழுதி வெள்ளிக்கிழமை இத்தாலிக்கு வண்டி எடுக்கும் துதோரிடம் பார்சலோடு கொடுத்தனுப்புகிறேன். பார்சலில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, உரித்த அக்ரூட், ஐந்து லிட்டர் ஒயின் இருக்கிறது. ஒயின் உனக்கு இல்லை, சிஞோராவின் மகனுக்கு. அவன் நல்ல முகத்தோடு இருக்கிற நேரம் பார்த்துக் கொடு, காரணம் கீழே வருகிறது.

ஜூன் பதினான்கில் மிருனாவுக்கு ஏழு வயது முடிகிறது, செப்டம்பரில் பள்ளிக்கூடம். இந்த முறை தோட்டத்தில் மேசை போட்டுப் பிள்ளைகளை அழைத்துத்தான் கொண்டாட வேண்டுமாம், ஈஸ்டரிலிருந்து என் உயிரை எடுக்கிறாள். எட்டுப் பிள்ளைகள், பெயரெல்லாம் அவளே ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டியிருக்கிறாள், பாதி எழுத்து முதுகைக் காட்டி நிற்கிறது. சாக்குக்குள் காலை விட்டு ஓடுவது, கயிற்றில் தொங்கும் செர்ரியைக் கையால் தொடாமல் வாயால் பிடிப்பது, கடைசியில் ரப்பர் குழாயால் எல்லோரையும் நனைப்பது என்று வரிசையாகத் திட்டம் போட்டாயிற்று. அவளுடைய ஞானத்தாய் பாரஸ்கோவியா தயிர்க்கட்டியும் முட்டைக்கோசும் வைத்து பிளச்சிந்தா ரொட்டி சுட்டுத் தருவதாக ஏற்றுக்கொண்டாள், என்னை மட்டும் அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள், போன வருடம் நான் கருக்கியதை அவள் இன்னும் மறக்கவில்லை. மழை வந்தால் என்னடி செய்வாய் என்று மிருனாவைக் கேட்டேன், மழையிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டாளாம்.

எங்களுக்குள் சண்டை வந்தது மேசையால்தான். செர்ரி மரம் இந்த வருடம் கிளை தாழக் காய்த்திருக்கிறது, அதன் அடியில் நல்ல நிழல், அங்கேதான் மேசை என்று தரையைச் சமன் செய்து நான்கு முளையும் அடித்துவிட்டேன். இவள் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள், பார்த்துவிட்டு மேசை கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில்தான் என்றாள். அங்கே நாற்றம், நடுப்பகல் வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கும், பிள்ளைகளுக்கு முன்னால் ஈ வந்து கேக்கைத் தின்றுவிடும் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. எனக்கும் கோபம் வந்து கத்திவிட்டேன், அப்படியே உன் பிடிவாதம், ஒரு சொட்டுக் குறையவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் நான்கு முளையையும் பிடுங்கிக் கோழிக்கூட்டின் முன்னால் கொண்டுபோய்ப் போட்டிருந்தாள். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை நிலத்தைக் கொத்திவிட்டு வருகிறேன், என் போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முற்றம் முழுக்க நடக்கிறாள். நான்கு அடி வைக்கிறாள், நிற்கிறாள், போனைப் பார்க்கிறாள், தலையாட்டிக்கொண்டு மறுபடி நடக்கிறாள். கோழிக்கூட்டுச் சுவரோரம் வந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதில் தலையணையை நிறுத்தி, போனை அதன்மேல் சாய்த்து வைத்துவிட்டு எதிரே குந்திக்கொண்டாள். என்னடி இது என்றேன்.

"இங்க மட்டுந்தான் தாத்தா அம்மா நின்னு நின்னு போகாம தெரியறாங்க. மரத்துக்கிட்ட வச்சா மூஞ்சி அப்படியே நின்னுடுது, வாய் மட்டும் தொறந்திருக்கு. போன வருசம் கேக் வெட்டும்போது அப்படித்தானே ஆச்சு."

எட்டுப் பிள்ளைக்கும் அவளுக்கும் ஒன்பது போதுமே, பத்து நாற்காலி ஏன் கேட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்மா வரமாட்டாள் என்று யார் சொன்னது என்று அவளைக் கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம், அம்மா பிறந்தநாளுக்கு முன்னால் வருவாள், பிறந்தநாள் வருவதற்குள் போய்விடுவாள், எப்போதும் அப்படித்தானாம். அழவில்லை ரோடிக்கா, முகம்கூட வாடவில்லை, கோழிக்குத் தீனி போட்டாயிற்று என்று சொல்வாளே அந்தக் குரலில் சொன்னாள். நான் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். அவள் அப்பன் மாஸ்கோ போனவன் போனவன்தான், அவனைப் பற்றி அவள் கேட்பதே இல்லை, நீ இல்லாததற்கும் அப்படிப் பழகிவிட்டாளோ என்று பயமாக இருக்கிறது.

குற்றம் என்னுடையது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே போலத்தான் ஜூன் முதல் வாரம் லீவு கிடைத்து வந்தாய். நான் பத்தாம் தேதி கிளம்பணும் அப்பா, இங்கே இருக்கும்போதே கேக் வெட்டிவிடலாம் என்று கெஞ்சினாய். நாள் வருமுன் பிறந்தநாள் கொண்டாடினால் பிள்ளைக்கு ஆகாது என்று நானும் பாரஸ்கோவியாவும் ஒரே பிடியாக நின்றோம். நீ அழுதுகொண்டே வண்டி ஏறினாய். நாங்கள் முறைப்படி பதினான்காம் தேதி வெட்டினோம், பதினாறாம் தேதி பிள்ளைக்கு அம்மை போட்டது. எதிலிருந்து காப்பாற்றினோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு நீ அழுத முகம் எனக்கு மறக்கவில்லை மகளே, அதை உன்னிடம் சொல்ல இத்தனை நாள் வாய் வரவில்லை.

இந்த முறையும் ஜூன் நான்கிலிருந்து ஒன்பது வரை லீவு கிடைக்கலாம் என்றாயே, அதனால் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விருந்து என்று முடிவு செய்துவிட்டேன். பாரஸ்கோவியா மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டு, பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது அண்ணே என்று சண்டைக்கு வந்தாள்.

"ஆக வேண்டியது ஆயிடுச்சு பாரஸ்கோவியா. புள்ள அம்மாவுக்கு நாற்காலி போடல, போனுக்குப் போடுது" என்றேன்.

அவள் தலைத்துணியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு எத்தனை தட்டு பிளச்சிந்தா சுட வேண்டும் என்று கேட்டாள்.

மிருனாவிடம் இன்னும் சொல்லவில்லை. போன ஆகஸ்டில் நீ வருகிறாய் என்று சொன்னதும் காலையிலிருந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தாள், அன்றைக்குப் பார்த்து சிஞோரா விழுந்துவிட்டாள், உன்மேல் குற்றமில்லை, ஆனால் இன்னொரு முறை அவளை அங்கிருந்து தூக்கிக்கொண்டு வர எனக்குத் தெம்பில்லை. எட்டு வீட்டிலும் பெரியவர்களிடம் மட்டும் காதோடு சொல்லி வைத்திருக்கிறேன். நீ அந்த மகனிடம் ஒயினைக் கொடுத்து, லீவை வாய்வார்த்தையாக விடாமல் உறுதியாக வாங்கிக்கொள். டிக்கெட் கைக்கு வந்த பிறகு போனில் என்னிடம் செர்ரி பழுத்துவிட்டதா என்று மட்டும் கேள், நான் புரிந்துகொள்வேன், அன்றைக்கே அந்தத் தலையணையை வீட்டுக்குள் எடுத்து வைத்துவிடுவேன்.

கனமானதைத் தனியாகத் தூக்காதே, இடுப்பில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொள், வேளைக்குச் சாப்பிடு. கடவுளும் மாதாவும் உன் கூடவே இருக்கட்டும், போகும் வழியெல்லாம் உனக்கு நல்ல மனிதர்களாகவே வாய்க்கட்டும்.

செர்ரியைப் பற்றி நீ கேட்காவிட்டால் எனக்கு உன்மேல் வருத்தமில்லை, பிள்ளைகளைப் பதினான்காம் தேதி கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்து நான் குடை பிடித்துக்கொள்கிறேன். நீ அந்த ஒரு மணி நேரம் மட்டும் யார் கூப்பிட்டாலும் போனை விட்டு எழுந்து போகாதே.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
காவ்ரில்